டச்சக்கா கேட்ட பதினோரு மன்னிப்பு

ஒருத்தியைப் பார்த்து "உனக்குக் கண்ணு போச்சு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றே வார்த்தை. கொட்டாவி விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டு, சொன்ன மனுஷன் டீ குடிக்கப் போய்விடலாம். கேட்டவள்தான் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். டச்சக்கா ஐந்து வாரம் சுமந்தாள்.

அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவள். முகத்தில் பரு, நெற்றியில் தழும்பு, பழைய படத்தில் கிழிசல், ஈரம் பட்ட கறை, மூடிக்கொண்ட கண் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வாள். தொழிலில் அதற்கு டச்சிங் என்று பெயர். டச்சிங் அக்கா என்று ஆரம்பித்தது, கூப்பிடுகிறவர்களின் நாக்குச் சோம்பலில் டச்சக்கா ஆனது. இருபத்திரண்டு வருஷத்தில் அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே சம்பளத்தாளைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

கடையின் முன்பக்கம் கவுண்டர். அதற்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்பில் தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அறை. ஜன்னல் கிடையாது, ஃபேன் உண்டு, அது சுற்றுவதைவிடக் கத்துவது அதிகம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர். ஒன்று அவள் முன்னால் இருக்கும். இன்னொன்று நீளமான கேபிளில் தடுப்பைத் தாண்டிப் போய், கவுண்டரில் வாடிக்கையாளரைப் பார்த்தபடி நிற்கும். அவள் தன் திரையில் திருத்திய படத்தை அந்தத் திரைக்குத் தள்ளுவாள். வந்தவர் பார்த்துச் சரி என்றால் பிரிண்ட் போடுவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். முதலாளிக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று, அது இனாம். "சும்மா குடுக்குறான், வேணாங்கிறியா?" என்று பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர்காரரை வைத்துப் போட்டார். அவள் ஒரு மாதம் அதைத் திட்டித் தீர்த்தாள். பிறகு பழகினாள். பிறகு எங்கே எது இருக்கிறது என்று கம்ப்யூட்டர்காரருக்கே சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. டச்சக்கா நல்ல கருப்பு. சின்ன வயதில் அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். "இந்தக் கரிக்கட்டைய எவன் வந்து கட்டப்போறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். கட்டினவர் வந்தார். லேத் பட்டறைக்காரர், இவளைவிட ஒரு பிடி கருப்பு. அத்தை அன்றைக்கு மூடின வாயைச் சாகும்வரை அந்த விஷயத்தில் திறக்கவில்லை. இருந்தாலும் பட்டது பட்டதுதானே? அதனால் டச்சக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தழும்பை எடுப்பாள், தொங்குகிற தாடையைத் தூக்கிவிடுவாள், வழுக்கையில் நாலு முடி கேட்டால் எட்டாகவே நட்டுத் தருவாள். நிறத்தை மட்டும் தொட மாட்டாள்.

"ரெண்டு சொட்டு வெளுப்பு ஏத்துனா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்று முதலாளி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் குறையலைங்க. நாளைக்கு அவங்க கண்ணாடியப் பாப்பாங்க இல்ல, அப்ப அவங்களுக்குக் குறையும்."

"உபதேசம் பண்றதுக்குக் கடை தொறக்கல நான்."

"அப்ப சுண்ணாம்பு அடிக்கிறவரைக் கூப்பிடுங்க."

நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளி திடீரென்று சண்டை போடுவதை நிறுத்திக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று டச்சக்கா நினைத்தாள். பாவம்.

ஆறு வாரத்துக்கு முன்னால் கடைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அவளுக்கு இரண்டு நாள் லீவு. திரும்பி வந்தபோது சுவரெல்லாம் பளபளவென்றிருந்தது, பழைய ட்யூப் லைட் போய்ப் புது விளக்கு வந்திருந்தது, கம்ப்யூட்டர் அதன் இடத்தில் இருந்தது. ஒயரையெல்லாம் தானே மாட்டினதாக முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"மௌஸ் மட்டும் இடவலம் மாறி ஓடுச்சு. விடுவேனா? செட்டிங்ஸுல போய் ரெண்டு திரையையும் இடம் மாத்திப் போட்டேன். சரியாப்போச்சு!"

"பரவால்லியே, கெட்டிக்காரர்தான்" என்று அவளும் மெச்சினாள். அந்த மெச்சலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரமே வம்பு ஆரம்பித்தது. வேலைக்கு மனுப்போட படம் எடுத்த பெண் கவுண்டரில் நின்று கத்தினாள். "என்னங்க இது, வெயில்ல காயப்போட்டு எடுத்தீங்களா?" டச்சக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். கவுண்டர் திரையில் அந்தப் பெண்ணின் முகம் கன்றிப்போய்க் கிடந்தது. உள்ளே வந்து தன் திரையில் பார்த்தாள். அச்சு அசல் அந்தப் பெண்ணின் நிறம். பிரிண்டைப் பார்த்தாள். அதுவும் கன்றித்தான் இருந்தது. அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதற்கடுத்த நாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, எங்க மூஞ்சிய ஏன் கருக்கிட்டீங்க?

"என் திரையில ஏதோ கோளாறுங்க" என்றாள் முதலாளியிடம்.

முதலாளி ஒரு காரியம் செய்தார். கவுண்டர் மானிட்டரைக் கழற்றி உள்ளே வைத்தார், உள்ளே இருந்ததை வெளியே வைத்தார். கேபிள்கள் அப்படியே இருந்தன. மறுபடி அதே கதை. உள்ளே எந்தத் திரை இருந்தாலும் முகம் சரியாகத் தெரிந்தது, வெளியே எந்தத் திரை இருந்தாலும் கருத்தது.

"திரைய மாத்தியாச்சு, இன்னும் என்ன? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"நீங்களே உள்ள வந்து பாருங்களேன். இந்த மூஞ்சி இங்க எப்படித் தெரியுது, சொல்லுங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து முதலாளி அவள் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "கருப்பாத்தான் இருக்கு" என்றார்.

கூடவே கேமராக்காரரும் வந்திருந்தார். கடையில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். முதலாளி தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அவரும் எட்டிப் பார்த்து, "ஆமாமா, கருப்பாத்தான் இருக்கு" என்றார்.

"உனக்குக் கண்ணு போச்சு" என்று சொல்லிவிட்டு முதலாளி டீ குடிக்கப் போனார்.

டச்சக்கா அந்தத் திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். ஒரு தையல்காரிக்குக் கை போனால் எப்படியோ, அவளுக்குக் கண் அப்படி. இரண்டு பேர் நின்று பார்த்துக் கருப்பு என்கிறார்கள், தனக்கு மட்டும் சரியாகத் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? ஐம்பத்தொன்று ஆகிவிட்டது. இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

நம்பினவள் சும்மா இருந்தாளா? மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். முதலாளிதான் அந்த வழியைக் காட்டினார். யாராவது வந்து சத்தம் போட்டால் தடுப்பின் ஓட்டைப் பக்கம் திரும்பி, "இந்தாம்மா, நீயே வந்து சொல்லு" என்பார். அவள் எழுந்து போய், எதிரே நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொல்லுவாள். "எனக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்லைங்க. மன்னிச்சுக்குங்க." சொன்ன பிறகு ஆர்டர் நோட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். முதல் புள்ளி, வேறு பிரிண்ட் வாங்கத் திரும்ப வந்த அந்த மனுப்போட்ட பெண்ணுக்கு. எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் தலை குனியாதவள், ஐந்து வாரத்தில் பதினோரு புள்ளி வைத்திருந்தாள்.

பதினோராவது புள்ளி ஒரு பஸ் டிரைவர். அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார். உலகத்தில் அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம், அடையாள அட்டைக்கு எடுத்த கட்டை விரல் அளவுப் படம். அதைப் பெரிசாக்கி மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். மூன்று நாள் உட்கார்ந்து டச்சக்கா அந்த முகத்தில் இருந்த முத்திரை மையைப் பொட்டுப் பொட்டாக எடுத்தாள். டிரைவர் வந்து பிரிண்டைக் கையில் வாங்கினார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை.

"எங்கம்மா கருப்புதாங்க" என்றார் மெதுவாக. "ஆனா இது நெருப்புல வாட்டுன மாதிரி இருக்கே. அவங்க போனது ஆஸ்பத்திரியிலதான்."

டச்சக்கா சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். "எனக்குக் கண்ணு சரியில்லைங்க. மன்னிச்சுக்குங்க" என்றாள். சனிக்கிழமை வேறு பிரிண்ட் தருவதாகச் சொல்லி முதலாளி அவரை அனுப்பினார். அனுப்பிவிட்டு ஓட்டைக்குள் தலையை விட்டார்.

"சனிக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் டச்சிங் வேலைய வெளிய குடுத்துரலாம்னு இருக்கேன். உன்னைப் போகச் சொல்லல. கவுண்டர்ல உக்காந்து பில்லு எழுது. பில்லுக்குக் கண்ணு வேண்டியதில்ல."

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். பட்டறைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷ லேத் சத்தத்தில் அவருக்கு இடது காது அவுட். எல்லாவற்றையும் வலது காதால் கேட்டார்.

"எனக்குக் காது போய் இருவது வருஷமாச்சு. நான் வேலைக்குப் போகலியா?"

"நீங்க இரும்ப மோந்தா பாக்குறீங்க? எனக்குக் கண்ணுதாங்க வேலை!"

"சரி, கத்தாத, இது நல்ல காது. ஒண்ணு கேக்குறேன். பட்டறையில அளவு தப்பா வந்தா நாங்க மொதல்ல அளவுகோலப் பாப்போம். அது சரியா இருந்தாத்தான் ஆளைத் திட்டுவோம். உன் கண்ண யாராச்சும் சோதிச்சாங்களா, இல்ல வாயால சொன்னதோட சரியா?"

மறுநாள் காலை அரை நாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா எழுத்துகளைக் காட்டினார், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் காட்டினார், ஒரே நிறத்தின் இருபது சாயல் வில்லைகளைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொன்னார். டச்சக்கா மடமடவென்று அடுக்கினாள்.

"யாரும்மா உங்க கண்ணு போச்சுன்னு சொன்னது?" என்றார் டாக்டரம்மா. "இந்த வில்லைய ஒரு தப்பு இல்லாம அடுக்குறவங்க மாசத்துக்கு ஒருத்தர் வந்தா பெரிசு. பக்கத்துல படிக்க மட்டும் கண்ணாடி போடுங்க. நிறத்துல உங்கள யாரும் அசைக்க முடியாது."

வந்ததே கோபம்! ஆஸ்பத்திரிப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் சந்தோஷம் பக்கத்தில் வரவில்லை. கண் நன்றாக இருக்கிறது. அப்படியானால் ஐந்து வாரம் எந்தப் பாவத்துக்குப் பதினோரு பேரிடம் தலை குனிந்தாள்?

கடைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அளவுகோல் வேண்டும். அவளிடமே ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கைக்கடிகாரக் கடைக்கு விளம்பரப் படம் எடுத்தார்கள். கை கொடுக்க வர வேண்டிய பெண் வரவில்லை. டச்சக்காவின் இடது கையில் கடிகாரத்தைக் கட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பிரிண்ட் அவள் அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. பெயிண்ட் அடித்தவர்கள்கூட ஒழுங்காகத் திரும்ப மாட்டியிருந்தார்கள். அதை எடுத்து மடியில் வைத்து, பக்கத்தில் தன் கையை வைத்தாள். இரண்டும் ஒரே நிறம். அதே படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

திரையில் இருந்த கை அவளுடையது இல்லை. வெயிலே பார்க்காத யாரோ ஒரு சீமாட்டியின் கை அவள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா" என்றாள் வாய்விட்டு.

திரை வெளுத்துக் காட்டுகிறது. வெளுத்த முகத்தை ஆளின் நிறத்துக்குக் கொண்டுவர அவள் ஒவ்வொரு படத்தையும் இறக்கி இறக்கிக் கருக்கியிருக்கிறாள். பிரிண்டிலும் கவுண்டரிலும் கருத்தது அதனால்தான். அப்படியானால் இந்தத் திரையில் முதலாளியும் ஆமாஞ்சாமியும் கருப்பைப் பார்த்ததாகச் சொன்னார்களே? பார்க்க வழியே இல்லை. பொய். பச்சைப் பொய். அவளுடைய கையின் நிறத்தை அவள் இன்னொருத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்களே!

மானிட்டரின் பொத்தான்களை அமுக்கி எல்லாவற்றையும் வாங்கின அன்றைக்கு இருந்தபடி ஆக்கினாள். கை வெளுத்தே இருந்தது. மாலையானால் திரையை மஞ்சளாக்குகிற வசதி ஓடுகிறதா என்று பார்த்தாள். இல்லை. திரையின் நிறத்தை மாற்றுகிற கோப்பு ஏதாவது ஏற்றியிருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பிறகு ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுத்துத் தன் போனுக்கு அனுப்பினாள். போனில் அவள் கை அவள் நிறத்திலேயே இருந்தது. அதே திரையைப் போன் கேமராவால் படம் பிடித்தாள். அதில் சீமாட்டியின் கை. ஆக, உள்ளே படம் ஒழுங்காக இருக்கிறது, திரைக்கு வெளியேறுகிற வழியில்தான் யாரோ சுண்ணாம்பு பூசுகிறார்கள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள்.

பாஸ்வேர்டு கேட்கிற முகப்பில் ஸ்டூடியோ ஆட்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் வரும். அதில் அவள் கருப்பாக, அவளாகவே இருந்தாள். பாஸ்வேர்டு அடித்தாள். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. அதே படம் பின்னணியில் மறுபடி வந்தபோது அவள் வெளுத்திருந்தாள். ஆறு வாரமாகத் தினமும் காலையில் பார்த்த சிமிட்டல்தான். கண்ணில்தான் ஏதோ என்று கசக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் தானாக ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்தாள். பிரிண்டர், கடிகாரம், இன்னும் நாலைந்து. கடைசியில் 'கவுண்டர்' என்று ஒன்று. அதற்குள் ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டருக்குப் பின்னால் முதலாவது சாக்கெட்டில் மாட்டியிருக்கிற திரைக்கு மூன்று எண்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றும் ஒன்று என்று இருந்தால் திரை உள்ளதை உள்ளபடி காட்டும். இங்கே மூன்றும் ஒன்றரைக்குப் பக்கத்தில் இருந்தன, சிவப்பு மட்டும் ஒரு துளி கூட, கன்னத்துக்கு மினுமினுப்பு வேண்டுமே! கோப்பின் தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது.

பழைய கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். அவர் இப்போது வேறு கடை வைத்திருக்கிறார்.

"அதுவா அக்கா?" என்று சிரித்தார் அவர். "நான்தான் எழுதுனேன். உங்க முதலாளிதான் சொன்னாரு. கவுண்டர் திரையில மட்டும் வர்றவங்க மூஞ்சி வெளுப்பாத் தெரியணும், அப்பத்தான் பாத்தவொடனே ஆர்டர் குடுப்பாங்க, டச்சக்காவுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா ஆடித் தீத்துருவான்னாரு. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"கவுண்டர் திரைக்குப் போட்டது எனக்கு எப்படி வந்துச்சு?"

"கேபிளைக் கழட்டி மாட்டுனீங்களா? அந்த வரிக்கு மானிட்டர் எதுன்னு தெரியாது அக்கா, சாக்கெட்தான் கணக்கு. முதல் சாக்கெட்டுல எது இருந்தாலும் வெளுக்கும்."

இடவலம் மாறி ஓடின மௌஸ். கெட்டிக்காரர்! இரண்டு கேபிளையும் மாற்றிச் சொருகிவிட்டு, செட்டிங்ஸில் மூடி மறைத்த கெட்டிக்காரர். நாலு வருஷம் கவுண்டரில் வெளுத்துக் காட்டி ஆர்டர் வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் பிரிண்டைப் பார்த்து யாராவது முனகினால், உங்க வீட்டு விளக்கு மங்கல் என்று சொல்லி அனுப்பினார். கேபிள் மாறினதும் அவள் திரை வெளுத்திருப்பதை எட்டிப் பார்த்த அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும். சொன்னால் பழைய திருட்டு வெளியே வரும். அதைவிட, அவள் கண்ணைக் குருடாக்குவது சுலபமாக இருந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக் கூடக் கவனிக்காமல் கவுண்டருக்குப் போனாள். கடையில் அப்போது யாரும் இல்லை.

"கூடம் கோணல்தாங்க" என்றாள். "கோணலாக்குனதே நீங்கதான்."

முதலாளி முதலில் முழித்தார். கம்ப்யூட்டர்காரர் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "நெசமா எனக்குத் தோணலம்மா."

"தோணலையா, சொல்ல வாய் வரலையா?"

"சரி, விடு. ஆனது ஆகிப்போச்சு. சனிக்கிழமைப் பேச்சை நான் பேசவே இல்லன்னு வெச்சுக்க. உன் நாற்காலி உனக்குத்தான். பழையபடி கேபிளை மாத்திச் சொருகிடு, கவுண்டர் கவுண்டராவே இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

"நான் பதினோரு பேர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

"அதனால? வாய் தேஞ்சா போச்சு?"

"அந்தப் பதினோரு பேருக்கும் நீங்க சொல்லணும். தப்பு என் கண்ணுல இல்ல, கடையிலன்னு."

"பைத்தியமா உனக்கு? கடை மானம் என்னாகுறது?"

கடைக்கு மானம் உண்டு, அவளுக்குக் கிடையாது! டச்சக்கா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பார்கள். முதலாளி பயப்படவில்லை, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தார். அவள் போய்க் கேபிள் இரண்டையும் பழையபடி மாற்றிச் சொருகினாள். அவள் திரை தெளிந்தது, கவுண்டர் திரை வெளுத்தது. வெள்ளிக்கிழமை முழுக்க டிரைவரின் அம்மா படத்தை முதலிலிருந்து திருத்தினாள். அட்டையை ஸ்கேன் பண்ணி வைத்திருந்த சின்னப் படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிறம் பார்த்தாள். பிரிண்ட் போட்டாள். உறையில் வைத்து ஒட்டினாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டிரைவர் யூனிஃபார்மோடு வந்தார். முதலாளி வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

"வாங்க வாங்க! இந்தத் தடவை பாருங்க, அம்மாவ மகாலட்சுமி மாதிரி ஆக்கியிருக்கோம். டச்சக்கா, படத்தைத் தள்ளு!"

அவள் தள்ளினாள். கவுண்டர் திரையில் ஒரு முகம் வந்தது. வெளுத்த நெற்றி, சிவந்த கன்னம். டிரைவர் திரையைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"வேற யாரோ படம் வந்திருக்குங்க" என்றார்.

"இல்லையே, உங்கம்மாதான். நல்லாப் பாருங்க!"

"எங்கம்மாவ எனக்குத் தெரியாதா? ஒரு தடவை கருக்குறீங்க, ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கிறீங்க. என்ன விளையாடுறீங்களா?"

பூசணிக்காய் சோற்றிலிருந்து எட்டிப் பார்க்கிற நேரம் அது. தடுப்பின் ஓட்டைக்கு அந்தப் பக்கம் டச்சக்கா அந்த ஒரு வரியை எழுதி வைத்திருந்தாள். மூன்று எண்ணும் ஒன்று. "அண்ணே, அப்படியே திரையப் பாத்துட்டு இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, என்டரைத் தட்டினாள்.

திரை ஒரு தடவை சிமிட்டியது. நெற்றி இறங்கியது, கன்னத்துச் சிவப்பு போனது, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் வந்து சேர்ந்தன. டிரைவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"இவங்கதான்" என்றார். பிறகு அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப இவ்வளவு நேரம் நின்னது யாரு?"

டச்சக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். ஆர்டர் நோட்டு அவள் கையில் இருந்தது. "முதலாளி சொல்லுவாரு" என்றாள்.

"அது வந்து... கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன..."

"முழுசாச் சொல்லுங்க."

"என்னம்மா நீ, கஸ்டமர் முன்னாடி..."

"கஸ்டமர் முன்னாடிதானே நான் மன்னிப்புக் கேட்டேன்? அதே எடத்துல நின்னு சொல்லுங்க."

டிரைவர் அசையவில்லை. தினமும் அறுபது பேரை அடக்கி வண்டி ஓட்டுகிற ஆள், முதலாளி வாயைத் திறக்கும்வரை நிற்பதற்கு அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. முதலாளி ஆமாஞ்சாமியைப் பார்த்தார். ஆமாஞ்சாமி வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு பக்கம் பார்த்தார். வேறு வழியில்லாமல் முதலாளி சொன்னார். திரையை வெளுக்க வைத்தது, கேபிளை மாற்றி மாட்டியது, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது என்று விட்டு விட்டுச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு டச்சக்கா பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்க கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அன்னைக்கு என்னைப் பாத்து மன்னிச்சுக்குங்கன்னு சொன்னீங்களே. நானும் சரி பரவால்லன்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டுப் போனேன்." அவருக்கு முகம் சுருங்கியது. "அத நான் திருப்பி வாங்கிக்கிறேன் அக்கா."

இந்தத் தடவை அவள் சட்டைப் பொத்தானைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, உறையைக் கையில் கொடுத்தாள். அழுகை வந்தது, ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டது. நோட்டைக் கவுண்டரில் விரித்து, பென்சிலின் தலையில் இருந்த ரப்பரால் டிரைவரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியை அழித்தாள். பிறகு கடைப் போனை முதலாளி முன்னால் நகர்த்தினாள்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்ங்க. இன்னும் பத்துப் பேர் இருக்காங்க."

"இப்பவேவா?"

"கண்ணு போச்சுன்னு சொல்றதுக்கு நாள் பாத்தீங்களா?"

முதலாளி போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. நம்பர் தெரியவில்லை என்றார். டச்சக்கா நோட்டை எட்டத்தில் பிடித்துக்கொண்டு, வேலைக்கு மனுப்போட்ட பெண்ணின் நம்பரை ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தாள். அவர் ஒவ்வொன்றாக அமுக்கினார். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.